என் வாசலில் என் செருப்பு

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம். பெங்களூர் காக்ஸ் டவுனில் வாடகை வீட்டு இரைச்சல் தாங்காமல், பட்டணத்துக்கு வெளியே ராகி விளையும் ஒரு கிராமத்தில் என் கணவரும் நானும் சொந்த வீடு வாங்கினோம். விற்றவர் அந்த ஊர் விவசாயி. வீட்டைவிட என்னை மயக்கியது அதன் முன்னாலிருந்த பெரிய வாசல்தான். அங்கே கிடந்த உருளைக் கல்லின்மேல் உட்கார்ந்து, அவர் கொடுத்த மோரைக் குடித்தபடி, "நடுவிலே ரோஜா வைக்கணும்" என்றேன்.

"வைங்கம்மா, நல்லா வரும்" என்று சிரித்தார்.

வைத்தேன். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், காலையில் கதவைத் திறந்தால் வாசலோரம் மலைபோல் ராகிக் கட்டுகள். என் ரோஜாச் செடிகள் வேரோடு சுவரோரம் கிடந்தன. மெழுகிய தரையில் பெண்கள் கதிர்களைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கல்லில் மாடுகளைப் பூட்டிக்கொண்டிருந்தவர், வீட்டை விற்ற அதே மனிதர்!

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "யாரைக் கேட்டு என் வாசலுக்குள்ளே வந்தீங்க?" என்று கத்திக்கொண்டே இறங்கினேன்.

அவர் பதறிப்போய்க் கையை நீட்டினார். "அய்யோ, பேடம்மா, வேண்டாம்! செருப்பைக் கழட்டிட்டு வாங்க. இது ஊருக்கே பொதுவான கதிரடிக்கிற களம், செருப்புக் காலோட மிதிக்கக் கூடாது."

"விக்கும்போது ஏன் சொல்லலை?"

"ராகி அடிக்கிற கல்லு மேலயே உக்காந்து மோர் குடிச்சீங்களே, தெரியும்னு நெனச்சேன்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். என் வாசலில் நான் வெறுங்காலோடு நின்றேன்.

அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் யார் வீட்டில் உட்காரச் சொன்னாலும், எதன்மேல் உட்காருகிறேன் என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.