பச்சை ஸ்வெட்டர்

வியர்வையில் நனைந்த கம்பளிக்கு ஒரு வாடை உண்டு. மழையில் நனைந்த ஆட்டின் பக்கத்தில் போனால் வருமே, அதே வாடை. எல்லையில் சண்டை நடந்த அந்தக் கோடையில், விசிறியும் அனலையே இறைத்த மண்ணூர்பேட்டை மாதா கோயில் கூடத்தில் எங்கள் தெருப் பெண்கள் உட்கார்ந்து, பனிமலையில் காவல் நின்ற சிப்பாய்களுக்காகக் ‘குல்லா’வும் காலுறையும் பின்னிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்திகூடக் குளிரைக் கண்டதில்லை. ஸ்வெட்டர் என்பது காலண்டர் படத்துக் குழந்தை போட்டிருப்பது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

அம்மாவும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவும் ஜோடி போட்டுக்கொண்டு போவார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் குட்டைச் சுவர். குழம்புக் கிண்ணம் அதன் மேலாகவே போய்வரும். மற்றவர்கள் முகம் தெரியாத யாருக்கோ பின்ன, ஸ்டெல்லா அக்கா மட்டும் பட்டாளத்திலிருந்த தன் தம்பிக்கென்று, அவனுடைய பழைய சட்டையை அளவு வைத்து, ஒரு மாதம் பாடுபட்டு ஒரு பச்சை ஸ்வெட்டரை முடித்தாள். “கை வேர்வ ஏறி நாறிக்கினு கீதுக்கா. உங்க ஊட்டு மாடியில அலசிப் போடுறீங்களா? நாளைக்கு பார்சல் போவுது” என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதை வைத்துவிட்டு அம்மா கடைக்குப் போயிருந்தாள். எனக்குப் பதினோரு வயது; எதையும் கேட்டுச் செய்கிற வழக்கம் அப்போதே கிடையாது. அவள் வருவதற்குள் துவைத்து வைத்து நல்ல பேர் வாங்கிவிடலாம் என்று, எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை பார்த்த அப்பாவின் கிரீஸ் படிந்த ‘யூனிஃபார’த்தை அம்மா எப்படித் துவைப்பாளோ அப்படியே, கொதிக்கிற தண்ணீரில் சோடா உப்பைக் கொட்டி, ஸ்வெட்டரை முக்கி, பிரஷ்ஷால் தேய்த்து, முறுக்கிப் பிழிந்தேன். விரித்துப் பார்த்தால், ஐயோ, மூன்று வயசுப் பிள்ளைக்குத்தான் ஆகும்! அட்டை மாதிரி விறைத்தும் போயிருந்தது.

அம்மா என்னை அடிக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், “நான்தான் ஸ்டெல்லா சுடுதண்ணியில போட்டுட்டேன். எனக்கு இன்னா தெரியும்?” என்றாள். நான் கூடவே போய் அவர்கள் வாசல் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

“வயித்தெரிச்சல்கா உனக்கு! வேணும்னேதான் செஞ்சிக்கிற!” என்று ஸ்டெல்லா அக்கா அழுதுகொண்டே கத்தினாள்.

நான் ஓர் எட்டு முன்னால் வைத்து ‘நான்தான்’ என்று சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. கோழை, வேறென்ன.

பார்சல் அந்த ஸ்வெட்டர் இல்லாமலே போனது. தம்பி நல்லபடியாகத்தான் திரும்பி வந்தான். ஆனால் ஸ்டெல்லா அக்கா எங்களிடம் திரும்பி வரவில்லை. அம்மா வலியப் போய்ப் பேசினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அடுத்த வருஷமே ஐயப்பன்தாங்கலுக்குக் குடிபோய்விட்டாள். “நான் போய்ச் சொல்லிடட்டுமாம்மா?” என்று ஒரு தடவை கேட்டேன். “உடு, உன்ன ஏசுவா” என்றாள் அம்மா. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

இப்போது அந்தக் கூடம் இல்லை, அங்கே வண்டி நிறுத்துகிறார்கள். எங்கள் தெருவில் பின்னல் ஊசியைக் கண்டவர்களும் இல்லை. அம்மா போய் மூன்று வருஷம். போன மாதம்தான் ஸ்டெல்லா அக்காவின் வீட்டைத் தேடிப் பிடித்து, எல்லாவற்றையும் சொன்னேன். நரைத்துப்போயிருந்த அக்கா கேட்டாள்:

“ஏன்டி, இத்த உங்கம்மா இருக்கசொல்ல வந்து சொல்றதுக்கு இன்னாடி உனக்கு?”