தொட்டிக்கு அடியில் ஒரு பேசின்

"தம்பி, மொட்டெல்லாம் மஞ்சளாப் போகுது. அவுக எந்திரிக்கிறதுக்குள்ள வந்து ஏதாச்சும் பண்ணுங்க."

சரோஜா மதினி போனில் இப்படிச் சொன்னபோது நான் நர்சரியில் ரோஜாவுக்கு மண் கலந்துகொண்டிருந்தேன். கையைக்கூடக் கழுவாமல் வண்டியை எடுத்தேன். செடி ஒரே நாளில் சாவதில்லை, நாம்தான் தாமதமாகப் பார்க்கிறோம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஓடினேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இராமநாதபுரத்தில் ஆர்க்கிட் விற்பது எனக்கு என்றைக்கும் பிடிக்காத வேலை. போர் தண்ணீரும் உப்பு, காற்றும் உப்பு. சித்திரை வெயிலில் மனிதனே வாடிப்போகிற ஊர். முதலாளியிடம் சொன்னால், "ஏப்பா, பூவப் பாத்து ஆசைப்பட்டு வாங்குறாக. நீ என்னத்துக்குக் குறுக்க விழுகுற?" என்பார். வாங்கிப் போனவர்கள் வீட்டுக்குப் போய்த் தண்ணீரும் உரமும் எப்படி என்று சொல்லிக்கொடுத்துப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பாதி வீடுகளில் நான் போவதே செத்ததைப் பார்க்கத்தான்.

மதினியின் வீட்டுக்காரர் காளிமுத்து அண்ணன், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். இரண்டு கிட்னியும் போய், ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீருக்கு அளவு உண்டு. காலையில் மதினி ஒரு சின்ன பாட்டிலில் நிரப்பிக் கொடுப்பார்; அன்றைக்கு முழுக்க அவ்வளவுதான். வெயில் காலத்தில் அவர் அந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். மகள் வாங்கிக்கொடுத்த வெள்ளை டென்ட்ரோபியம் ஆர்க்கிட் ஒன்று ஜன்னல் கம்பியில் தொங்கியது. அதற்கு நேர் எதிரே அவர் நாற்காலி.

அந்த வீட்டில் நான் சொன்னது எல்லா வீட்டிலும் சொல்வதுதான். ஆர்க்கிட்டுக்கு மண் ஆகாது. கரி, ஓட்டுத்துண்டு, தேங்காய் மட்டை போதும். வேர் வெள்ளையாக இருந்தால் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம், நனைந்தால் பச்சையாகும். வெளுத்த பிறகுதான் ஊற்ற வேண்டும், ஊற்றினால் அடியில் ஒழுகும்வரை ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் கூடாது, கேன் தண்ணீர்தான். வாரம் ஒருமுறை பத்தொன்பது-பத்தொன்பது-பத்தொன்பது உரம், பாக்கெட்டில் போட்டிருப்பதில் கால்வாசி. அதையும் காய்ந்த வேரில் ஊற்றினால் வேர் கருகிவிடும்; முதலில் வெறும் தண்ணீர், பிறகு உரத் தண்ணீர்.

ஊற்றும் வேலையை அண்ணன் தானே எடுத்துக்கொண்டார். மக்கில் மொண்டு மெதுவாக ஊற்றிவிட்டு, அடியில் சொட்டுவது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார்.

"ஏப்பா, நல்லாக் குடிக்கிது பாரு. நானே குடிச்ச மாதிரி இருக்கு" என்றார் ஒருநாள்.

"குடிக்கட்டும்ணே" என்றேன்.

மழை முடிந்த பிறகு ஸ்பைக் வந்தது. பூங்காம்பை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வரிசையாகப் பச்சை மொட்டுகள். டயாலிசிஸ் முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதைத்தான் போய்ப் பார்ப்பாராம். "இது விரியிறத மட்டும் பாத்துட்டேன்னா போதும்ப்பா. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று என்னிடம் சொன்னார். உள்ளேயிருந்து மதினி, "வெள்ளிக்கெழமையும் அதுவுமா பேசுற பேச்சப் பாரு" என்று சத்தம் போட்டார்.

அந்த மொட்டுகள்தான் மஞ்சளாகியிருந்தன.

நான் போனபோது அண்ணன் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். தொட்டியை இறக்கினேன். கரியின் மேல் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. வேர் நுனி எல்லாம் கறுப்பு. கேன் தண்ணீரில் உப்பு அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தேன், குறை ஒன்றுமில்லை. உரத்தையும் சரியாகத்தான் கலந்திருந்தார்கள். அப்புறம்தான் தொட்டி தொங்கிய இடத்துக்கு நேர் கீழே ஒரு நீல பேசின் கண்ணில் பட்டது. கால்வாசி தண்ணீர் இருந்தது. அதில் மீட்டரை விட்டதும் எண் ஏறியது, ஏறிக்கொண்டே போனது.

"மதினி, இந்தத் தண்ணிய என்ன பண்ணுவீக?"

"அதுவா? சாயங்காலம் திரும்ப அதுக்கே ஊத்திருவேன் தம்பி. நல்ல தண்ணியில்ல? கீழ விடலாமா?"

மதினி முதுகுளத்தூர்ப் பக்கம் பிறந்தவர். ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு, குடம் நிறையும்வரை காத்திருந்து வளர்ந்தவர். ஒழுகிய தண்ணீரைச் சாக்கடைக்கு விட அவருக்குக் கை வரவில்லை. ஊற்ற ஊற்ற, வேர் எடுக்காமல் விட்ட உப்பும் உரமும் அந்த பேசினுக்கு வந்தன. பேசினிலிருந்து திரும்ப வேருக்கே போயின. வேறு ஊர்க்காரர் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

கேனைச் சாய்த்துத் தொட்டியை ஃப்ளஷ் செய்ய ஆரம்பித்தேன். சத்தம் கேட்டு அண்ணன் எழுந்து வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா ஆச்சு?"

"உள்ள உப்பு சேந்துபோச்சுண்ணே. கழுவி விடுறேன்."

"அட, அதுக்கும் டயாலிசிஸா?" என்று சிரித்தார். மதினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அண்ணன் பேசினைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார். "சரி விடுத்தா. நீ கெட்டது நெனச்சா செஞ்ச?"

அந்த வாரமே மொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன. ஒன்றுகூட விரியவில்லை. நானும் தினமும் போய்ப் பார்த்தேன். வேர் போன செடிக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

நீங்கள் ஒரு வீட்டுக்குப் போனால், எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒழுகுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். அதைக் கொட்டிவிடுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் ஊரில் அது சொல்லாமல் விளங்காது. நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

அடுத்த மழைக்கு முன்பே அண்ணன் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு, தொட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த வீட்டுக்குப் போனேன். டென்ட்ரோபியம் காய்ந்த குச்சியாகக் கம்பியில் தொங்கியது. ஆனால் கரி நனைந்திருந்தது. தரையில் தண்ணீர் கோடாக ஓடி வாசல்படி வரைக்கும் வந்திருந்தது. மதினி கையில் அண்ணனின் சின்ன பாட்டில், காலியாக.

"காலையில எந்திரிச்சா கை பாட்டுக்கு இத ரொப்பிருது தம்பி. குடிக்க ஆளில்ல. அதான் இதுக்கு ஊத்துறேன்."

"மதினி, அது செத்துப்போச்சு."

"தெரியும்" என்றார். "பேசின எடுத்துட்டேன், பாத்தீகளா?"

தொட்டியை எடுக்காமலே வண்டியைக் கிளப்பினேன்.