பிடுங்கக் கூடாத கம்பி

கணினிக்கும் அதில் செருகும் கருவிக்கும் நடுவில் நின்று வேலை செய்கிற நிரல்களை எழுதுவது என் பிழைப்பு. டிவைஸ் டிரைவர் என்பார்கள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக மணலூர்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்தே எழுதுகிறேன். என் வேலையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. போன மாசியில் அது போயிற்று, ஆத்திரம் மட்டும் இன்னும் போகவில்லை.

அப்பா குத்தகை நிலத்தில் கரும்பு போடுகிறவர். வெட்டிய கரும்பை ஊருக்கு வெளியே ஒரு தனியார் எடைமேடையில் நிறுத்துப் போட வேண்டும். வெயிலில் நின்றால் கரும்பு காயும், எடை குறையும். அந்தப் பருவம் முழுக்க எடைமேடைக் கணினி தினமும் நண்பகலில் உறைந்து நின்றது. அணைத்துப் போட்டால் எழுந்து வரவே அரைமணி. பதிந்த எடைகள் பாதி காணாமல் போயிருக்கும், இறங்கிய வண்டியே மறுபடி ஏற வேண்டும். டிராக்டர்கள் சாலைவரை நிற்கும். அப்பாவின் கரும்பு இரண்டு நாள் நின்றது.

சாப்பாடு கொண்டுபோன நான் கணினி அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அங்கே ஒரு வழக்கம். முன்பு ஏதோ ஒரு பருவத்தில் எடைமேடைக்காரர்கள் பொய் எடையைக் கணினியில் கையால் அடித்துப் பிடிபட்டார்களாம். அதிலிருந்து ஒவ்வொரு வண்டியும் ஏறுமுன் அந்த விவசாயியே உள்ளே வந்து, மேடையிலிருந்து வரும் கம்பியைக் கணினியிலிருந்து பிடுங்குவார். எண் மேடையிலிருந்துதான் வருகிறது, யாரும் அடித்ததல்ல என்று தெரிய, திரையில் அது மறைய வேண்டும். திரும்பச் செருகினால் காலி மேடைக்குப் பூஜ்யம் காட்ட வேண்டும். கண்ணால் பார்த்தால்தான் வண்டி ஏறும். அவர்கள் கையில் இருந்த ஒரே பிடி அதுதான்.

எடை போடுகிறவர் அப்பாவிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

“நீங்க புடுங்கிப் புடுங்கித்தான் மெசினே கெட்டுப்போச்சு. கம்பெனிக்காரனே எழுதிக் குடுத்துக்கிறான், பாரு. திங்கக்கெழமையிலேர்ந்து ரூமைப் பூட்டிடுவோம். ஒருத்தரும் உள்ள வரக்கூடாது.”

அப்பா தப்பு செய்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தேன். ‘இணைப்பை அடிக்கடி துண்டிப்பது முறையற்ற பயன்பாடு. மென்பொருளில் பிழை இல்லை.’

அந்த வாக்கியம் என்னுடையது. எந்த ஊர், யார் என்று கூடப் பார்க்காமல், வந்த புகாரை இரண்டு நிமிடத்தில் மூடிவிட்டு எழுதிய பதில். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது?

வீட்டுக்கு ஓடி, எடைமேடைகளுக்காக நான் எழுதியிருந்த நிரலைத் திறந்தேன். கம்பியைச் செருகியதும் எடைகளை வாங்கி வைக்க நினைவகத்தில் ஓர் இடம் பிடிக்கிறோம். பிடுங்கினால் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பிடுங்கலுக்கும் ஒரு பெரிய துண்டு இடம் போய்க்கொண்டே இருந்தது, நண்பகலுக்குள் கணினிக்கு மூச்சுவிட இடமில்லை. சென்னையில் நாங்கள் கம்பியை ஒரு முறை செருகிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தோம், எல்லாம் சரி என்று கைதட்டிக்கொண்டோம். குளிர் அறையில் உட்கார்ந்திருந்த எவனுக்கும் கம்பியைப் பிடுங்கிப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்கும்தான். என் அப்பா ஒரே நாளில் இருபது வண்டிக்காரர்களோடு அந்தச் சோதனையைச் செய்துகொண்டிருந்தார்.

திருத்தம் இரண்டே வரி. மேலாளரைக் கூப்பிட்டேன்.

“அடுத்த வெளியீட்டில பார்த்துக்கலாம். அதுவரைக்கும் பிடுங்க வேணாம்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க” என்றார்.

“அவங்கன்னா யாரு சார்? எங்க அப்பா” என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது.

எடை போடுகிறவரைக் கெஞ்சித் திருத்திய நிரலை அன்றைக்கே அந்தக் கணினியில் போட்டேன். நானே கம்பியை ஐம்பது முறை பிடுங்கிச் செருகினேன். நினைவகத்தில் ஒரு துண்டு இடமும் குறையவில்லை. வெளியே வந்து டிராக்டர் நிழலில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப எங்க மேல தப்பு இல்லியா?”

“இல்லப்பா. என் மேலதான்.”

“என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? இத்தினி பேரையும் திட்டிக்கினு இருந்தாங்களே. அவங்க எதிர்ல வந்து சொல்லு.”

எனக்கு அப்பாவின் மேலும் கோபம் வந்தது. ஆனாலும் போனேன். சுவரிலிருந்த காகிதத்தைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, வரிசையில் நின்றவர்கள் முன்னால், “இத எழுதினது நான்தாங்க. மெசினு படுத்ததும் என்னாலதான். நீங்க புடுங்கறதுல ஒரு தப்பும் இல்ல” என்றேன். ஒரு பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தரையில் துப்பினாள். மற்றவர்கள் திட்டினார்கள். எடை போடுகிறவர் பூட்டு பற்றி அப்புறம் வாய் திறக்கவில்லை.

அடுத்தது அப்பாவின் வண்டி. அவர் கணினி அறைக்குள் போனார், என் முகத்தைப் பார்க்காமலே கம்பியைப் பிடுங்கினார், எண் மறைகிறதா என்று குனிந்து பார்த்தார், செருகினார். பூஜ்யம் வரும்வரை அசையாமல் நின்றார். மகள் எழுதியது என்பதற்காக அவர் அதை விட்டுவிடவில்லை.