உயரமான ஜீப்பில் ஒரு செபமாலை

தொண்ணூறுகளின் கடைசியில், ஏலாக்குறிச்சியிலிருந்து அரியலூர்வரை குவாரி வேலைக்குப் போகும் என் பழைய ஜீப்பில் தினமும் ஒரு டீச்சர் வருவார். கஞ்சி போட்ட புடவை, மடியில் குடை. ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்.

குவாரியில் நாலு பேர் என்னை நிமிர்ந்து பார்க்கட்டும் என்று, ஸ்பிரிங் மாட்டும் இரும்பை நீளமாக்கி ஜீப்பை உயர்த்தினேன். மறுநாளிலிருந்து டீச்சர் தூங்கவில்லை, செபமாலை உருட்டினார். தவக்காலம் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஈஸ்டர் முடிந்தும் உருட்டினார்.

"என்ன டீச்சர் வேண்டுதல்?"

"எதிர்ல லாரி வந்தா வண்டி தானா அந்தப் பக்கம் போவுதுங்க சார்."

ஸ்டியரிங்கோடு நான் மல்லுக்கட்டுவது வெளியே தெரியவில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். பெரம்பலூர் பட்டறையில், உயர்த்தியதில் சாய்ந்துபோன முன் அச்சுக்கு ஆப்பு வைத்துச் சரிசெய்து, சக்கரங்களையும் நேராக்கிக் கொடுத்தார்கள். ஜீப் கோடு கிழித்ததுபோல் ஓடியது. டீச்சர் கையில் இன்னும் செபமாலை.

"அதான் சரியாயிடுச்சே டீச்சர்."

"நீங்க வேற எதையும் மாத்திடக் கூடாதேன்னுதான் சார்," என்றார், கண்ணைத் திறக்காமல்.

ஜீப்பை விற்கும்வரை அதன் ஹார்னைக்கூட நான் மாற்றவில்லை. வேறு யாருடைய வேண்டுதலும் என்னிடம் இவ்வளவு பலித்ததில்லை.