வெட்டுக் குளிசை

சந்தியில் பாமசி வைத்திருக்கும் முதலாளியே, ஹனிபா காக்காவின் இடது கண் போனதில் உங்களுக்குப் பங்கு இருக்கிறது. இதை நேரிலும் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் காது, மூக்கு, தொண்டை வோட்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். ஹனிபா காக்கா வெட்டு மெசின் ஓட்டுபவர்; சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவர். நாவிதன்வெளிப் பக்கம் வேளாண்மை வெட்டு, அதாவது நெல் அறுவடை, தொடங்கினால் பகல் முழுக்க வைக்கோல் தூசிக்குள்தான் இருப்பார். அந்த நாட்களில் மூக்கடைக்காத ஆள் இல்லை. அதற்கென்று உங்கள் பாமசியில் நாலைந்து குளிசைகளைக் கலந்து கடதாசிப் பைகளில் தயாராக வைத்திருப்பீர்கள். பையில் எந்தப் பெயரும் இருக்காது. வயலுக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே "வெட்டுக் குளிசை" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

நான் வேலையில் இருந்தபோதே அவரை எங்கள் வோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது முகத்தின் இடப்பக்கம் வீங்கி, கண்ணிமை தொங்கியிருந்தது. சீனி அளக்கும் மெசின் இலக்கம் காட்டவில்லை. அளவுக்கு மேல் என்றுதான் காட்டியது.

"சீனிக் குளிசையத் தவிர வேற மருந்து எடுத்தீங்களா?" என்று டொக்டர் கேட்டார்.

"இல்ல டொக்டர்."

பக்கத்தில் நின்ற மனைவி சரீனா குறுக்கிட்டார். "வெட்டுக் குளிசை போட்டயள்தானே?"

"அது மருந்தா புள்ள? நெல்லுக்குப் பூச்சி எண்ணெ அடிக்கிற மாதிரி, எங்களுக்கு அது."

டொக்டர் சிரிக்கவில்லை. மூக்குக்குள் லைட் அடித்துப் பார்த்தார். உள்ளே சதை கறுத்துச் செத்திருந்தது. சரீனாவின் கைப்பையில் மிச்சமிருந்த குளிசைகளை எங்கள் மருந்தாளரிடம் காட்டினோம். அதில் ஒன்று ஸ்டீரொயிட்.

சதையைச் சாகடித்தது ஒரு பங்கஸ், பூஞ்சணம். அது மண்ணிலும் வைக்கோலிலும் எப்போதும் இருப்பதுதான். நாம் எல்லோரும் அதைச் சுவாசிக்கிறோம். உடம்பு அதைச் சமாளித்துவிடும். ஸ்டீரொயிட் சீனியை ஏற்றி, உடம்பின் எதிர்ப்பையும் குறைத்தால் பங்கஸ் மூக்கிலிருந்து கண்ணுக்கும் கண்ணிலிருந்து மூளைக்கும் போகும். மிக அரிதாகத்தான் வரும். வந்தால் யோசிக்க நேரம் தராது.

மருந்தை நாளத்தில் ஏற்றிக்கொண்டே செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். அதற்குள் கண்ணின் பின்பக்கமும் போய்விட்டது.

"கண்ண எடுக்காம ஏலாதா மிஸி?" சரீனா என் கையைப் பிடித்தார்.

"ஏலாது ராத்தா. விட்டா மூளைக்குப் போயிரும். பொறகு ஆளே மிஞ்சமாட்டாரு."

ஹனிபா காக்கா கட்டிலில் கிடந்தபடியே சொன்னார்: "எடுக்கச் சொல்லுங்க மிஸி. இவளப் பாக்க ஒரு கண் காணும்."

"இந்த நேரத்திலயும் பகிடிதான் இந்த மனிசனுக்கு," என்று சரீனா அழுதார்.

அவர் பிழைத்தார். அதன் பிறகு நான் உங்கள் பாமசிக்கு வந்து கேட்டேன்.

"ஊரே போடுற குளிசை மிஸி. அவருக்குச் சீனி இரிக்கிண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"மாசாமாசம் அவருக்குச் சீனிக் குளிசை குடுக்கிற ஆரு?"

"சனம் நிக்கிது மிஸி. பொறகு கதைப்பம்," என்றீர்கள்.

அந்தப் 'பொறகு' இன்னும் வரவில்லை.

இன்று வேலைக்கு வரும் தாதிப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். மருந்து எடுத்தீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். கடையில் என்ன வாங்கி வாயில் போட்டீர்கள் என்று கேளுங்கள். சீனி வருத்தக்காரருக்கு முகம் வீங்கி, மூக்கில் கறுப்பும் தெரிந்தால் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

முதலாளி, இந்த வெட்டுக்கும் அதே பைகள் உங்கள் மேசையில் இருப்பதைப் பார்த்தேன். வருகிற வெள்ளி ஜும்ஆ முடிந்து சனம் சந்தியில் நிற்கும். ஹனிபா காக்காவும் நிற்பார். உங்கள் கடைப் படியில் ஏறி நின்று, எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள்: அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது? அவருக்குச் சீனி இருப்பது தெரிந்தே அதை ஏன் கொடுத்தீர்கள்?