மேஸ்திரி என்றால் சவரிமுத்து

ஹார்ட்வேர் கடையில் சிமெண்டு ஏற்றிக்கொண்டிருந்தபோது என் மனைவி போன் செய்தாள். "மேஸ்திரி போயிட்டாரு லா," என்றாள். எந்த மேஸ்திரி என்று நான் கேட்கவில்லை. ஈப்போவின் குனோங் ராபாட்டில் கொத்தனார்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். அந்தச் சொல் மட்டும் சவரிமுத்து ஒருவருக்குத்தான். என் வீட்டிலேயே அவர்தான் மேஸ்திரி. அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது பொறாமை. அவரை அறிந்து இந்த அஞ்சலியைப் படிக்கும் நீங்கள் என்னையும் அறிவீர்கள் என்பதால் மறைக்கவில்லை.

சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் ஈப்போவுக்கு வந்தோம். ஒரே சீன முதலாளியிடம், அந்தத் தவுக்கேயிடம்தான் கொத்துக்கரண்டி பிடிக்கப் பழகினோம். மலாய்க்காரர் வீடுகளில் எங்கள் இருவரையும் 'துக்காங்' என்பார்கள். கைத்தொழில் தெரிந்த எவருக்கும் அவர்களிடம் அதே பெயர்தான். அந்த வீடுகளில் வேலை செய்ய எனக்கு மிகவும் பிடிக்கும். தமிழர் வீடென்றால் அவர் மேஸ்திரி, நான் வெறும் அண்ணே.

ஒரு புதுமனை விழாவில், "மேஸ்திரி வாங்க, பொன்னாடை போடணும்," என்று வீட்டுக்காரர் அழைத்தார். அந்த வீட்டுச் சுவரில் பாதிக்கு மேல் நான் எழுப்பியது. என்னைத்தான் என்று நினைத்து எழுந்துவிட்டேன். சவரிமுத்துவும் எழுந்தார். கூட்டம் சிரித்தது. "அடுத்த வீட்டுல ஒனக்குத்தான் மச்சான்," என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அடுத்த வீட்டிலும் அவரே போய் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேட ஆரம்பித்தேன். அது தமிழே இல்லையாம். தொழிலில் தேர்ந்த தலைவனைப் போர்த்துகீசியர் 'மெஸ்த்ரே' என்பார்களாம். அவர்களோடு கப்பலேறி வந்த சொல். சாப்பாட்டு நேரத்தில் எல்லார் காதிலும் விழும்படி இதைச் சொன்னேன். அவர் தேநீரைக் கீழே வைக்கக்கூட இல்லை. "நாமளும் கப்பல்ல வந்தவங்கதானே மச்சான். வந்தது யாருகிட்ட ஒட்டிக்கிச்சோ, அவனுக்குத்தான்," என்றார். எல்லாரும் ரசித்தார்கள். நானும் ரசித்தேன், அதுதான் கொடுமை.

அடக்கம் முடிந்த சில நாட்களில் அவர் மனைவி என்னை அழைத்தார். அதுவரை அண்ணே என்று கூப்பிட்டவர், "கல்லறைய நீங்கதான் கட்டணும் மேஸ்திரி," என்றார். செங்கல் கொண்டுவந்த லாரிக்காரரும், "மேஸ்திரி, எங்க எறக்கணும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

காலமெல்லாம் நான் ஏங்கிய சொல். அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இது ஒன்றுதான், வைத்துக்கொள்கிறேன். ஆனால் லாரிக்காரர் அப்படிக் கூப்பிட்டபோது சவரிமுத்து என் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். கேட்டு, கொஞ்சமாவது அவர் வயிறு எரிந்திருக்க வேண்டும்.