மோகனா அக்காவும் வேக்கூமும்

மோகனா அக்கா ஒரு வீட்டை முதலில் காலால்தான் பார்ப்பார். வாசலில் செருப்பைக் கழற்றியதும் வலது பாதத்தைத் தரையில் மெல்ல இழுத்து, ஒரு நொடி நின்று, "மணலு லா. மூணாவது வீட்டுல செவுரு இடிக்கிறானுங்களா?" என்பார். இடிக்கிறார்கள்தான். எங்கள் கண்ணுக்கு டைல்ஸ் பளபளவென்று இருக்கும்.

செவ்வாயும் சனியும் பெம்பானிலிருந்து பஸ் பிடித்து, புக்கிட் காத்திலில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் துப்புரவு வேலைக்கு வருகிறார். வயது ஐம்பத்து நான்கு. நீளத் துடைப்பானில் அவருக்கு நம்பிக்கை இல்லை. "அது அழுக்க எடுக்காது பாப்பா, பூசி வுடும்" என்பார் என்னிடம். பழைய துண்டை மடித்து, முட்டி போட்டு, ஒரு மடிப்பு கறுத்ததும் அடுத்ததைத் திருப்பித் துடைப்பார். எறும்பு வரிசையைப் பார்த்தால், "போங்கடா, ஆபீஸ் மூடியாச்சு" என்று விரட்டுவார். சாமி அறையில் சிந்திய விபூதியை மட்டும் துணியில் எடுக்க மாட்டார். வெற்றிலையால் வழித்துத் துளசிச் சட்டியில் போடுவார். அது குப்பையோடு போகக் கூடாதாம்.

சென்ற மாதம் அவருடைய இடது முட்டி வீங்கியது. கேட்டால், "பஸ்ஸுல இடிச்சுக்கிட்டேன்" என்றார். மூன்று வாரமாக அதே பஸ், அதே இடி. தூசியை உறிஞ்சி எடுக்கும் வேக்கூம் ஒன்று வாங்கிவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அக்காவின் கை தரையிலேயே நின்றது.

"தங்கா பத்து பக்கம் ஒரு வீட்டுல தானா ஓடிக் கூட்டுற வட்டச் சாமான் வாங்குனாங்க. மூணு வாரம் அதுகூட போட்டி போட்டேன். நாலாவது வாரம் அது இருந்துச்சு, நான் இல்ல" என்று சொல்லி அவரே சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

"உங்க முட்டிக்காகத்தான்க்கா வாங்குறோம். நீங்க எங்க வீட்டு ஆளு. நீங்களே வந்து பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

சனிக்கிழமை அவர் வேலை உடையில் வரவில்லை. இஸ்திரி போட்ட நீலப் பஞ்சாபி சூட், முகத்தில் பவுடர். கடைக்குப் போவதற்காக உடுத்திக்கொண்டு வந்திருந்தார்.

கடையிலிருந்த மலாய்க்காரர் இருப்பதிலேயே பெரிய வேக்கூமைக் காட்டினார். அக்கா அதை ஒற்றைக் கையால் தூக்கி எடை பார்த்தார். பிறகு பசாரில் மீனின் செவுளைத் திறந்து பார்ப்பதுபோல் தலைகீழாகக் கவிழ்த்து, சுழலும் பிரஷை மணிக்கட்டின் உள்பக்கத்தில் தேய்த்துப் பார்த்தார்.

"இது கார்ப்பெட்டுக்குப் பொறந்தது பாப்பா. நம்ம வீட்ல ஏது கார்ப்பெட்டு? சிந்துன அரிசிய இது அள்ளாது, அடுத்த ரூமுக்கு அடிச்சு அனுப்பும். சக்கரமும் முரட்டு பிளாஸ்டிக்கு. தரையில கோடு போட்டுரும். நீ ஏமாந்துறாத."

எனக்குப் பெருமையாக இருந்தது. விற்பனையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் அக்காவின் கைகளைப் பார்த்தே விஷயம் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மலாயில் என்னிடம் கேட்டார்: "உங்கள் அம்மாவா? விவரமானவர்."

"இல்லை, ஒராங் காஜி" என்றேன்.

சம்பளத்துக்கு வைத்த வேலையாள். பொய் இல்லை. ஆனால் அவ்வளவு வேகமாக அது என் வாயிலிருந்து ஏன் வந்தது? அக்கா என்பதற்கு மலாயிலும் சொல் உண்டு. இரண்டு மொழியிலும் தேர்வெழுதி நல்ல புள்ளிகள் வாங்கியவள் நான். அவரை என் அம்மா என்று ஒருவர் நினைத்த அந்த ஒரு கணத்தைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை.

அக்காவின் முகம் மாறவில்லை. பதினேழு வருடம் ஃபேக்டரியில் மலாய்ப் பெண்களோடு வேலை பார்த்தவர். என்னுடையதைவிட நயமான மலாயில் அவர் விற்பனையாளரிடம் கேட்டார்: பஞ்சு போன்ற மெத்தென்ற உருளை வைத்தது இருக்கிறதா, ஃபில்டரைக் கழற்றிக் கழுவலாமா, கட்டிலுக்கு அடியில் படுத்துப் போகுமா. விற்பனையாளர் உள்ளேயிருந்து மெலிதான ஒன்றைக் கொண்டுவந்தார். அக்கா அதை அலமாரிக்கடியில் விட்டு, வெளியே இழுத்து, தரையைக் காலால் தடவிப் பார்த்தார்.

"இதையே எடுத்துக்குங்க" என்றார் என்னிடம். அதுவரை என்னை நீ என்றுதான் சொல்லி வந்தார்.

காரின் பின் இருக்கையில் முக்கால்வாசியைப் பெட்டி அடைத்துக்கொண்டது. நான் முன்கதவைத் திறந்து பிடித்தபடி, "வாங்கக்கா" என்றேன். "பரவால்ல" என்று அவர் பின்கதவைத் திறந்து, பெட்டிக்கும் கதவுக்கும் நடுவே இருந்த இடத்தில் பக்கவாட்டாக ஒடுங்கி உட்கார்ந்து, கதவைத் தானே சாத்திக்கொண்டார்.